ஊர் மறக்காததைக் கேம் ஏன் கழித்துவிடுகிறது?

2024 ஐப்பசி 6, இரவு

முழங்காவில் தம்பி ஒருவர் கேட்டது: "ஆர்பிஜி கேம்களில, அதுதான் வீரன் ஒருத்தனா நடிச்சு விளையாடுற கேம்களில, இந்த நல்லவன் கெட்டவன் புள்ளி எதுக்கு? எல்லாரும் நல்லவனாத்தான் விளையாடுறம். கடையில விலை குறையுது, நல்ல வாள் கிடைக்குது. கெட்டவனா விளையாடினா பாதிக் குவெஸ்ட் (கதையில தாற வேலை) பூட்டுப்படுது. அப்ப அது ஒழுக்கமில்லை, வியாபாரம். மீட்டரையே தூக்கிப் போட்டா என்ன?"

வியாபாரம் என்றீர், மறுக்கமாட்டேன். தூக்கிப் போடச் சொன்னதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

போல்டர்ஸ் கேட் முதலாவதை (1998) எடும். நற்பெயர் 1 முதல் 20 வரை ஒரே எண். அப்பாவி ஒருவரை வெட்டினால் இறங்கும், யாருக்காவது உதவினால் ஏறும். ஏறினால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். நன்றாக இறங்கினால் ஃப்ளேமிங் ஃபிஸ்ட் படை தேடி வந்து அடிக்கும். கூட வருகிற துணையாக்களும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நல்லவர்கள் எண் இறங்க இறங்க முணுமுணுத்து ஒருநாள் விட்டுப் போவார்கள், கெட்டவர்கள் எண் ஏறிப்போனதென்று விட்டுப் போவார்கள். சரி, இறங்கின எண்ணை ஏற்ற வேண்டுமென்றால்? கோயிலுக்குப் போய்க் காசு கொடுக்கலாம். வெட்டின ஊருக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. செத்தவருக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி இருந்ததா என்று கேமுக்கே தெரியாது.

ஃபேபிள் (2004) இதை உடம்பிலேயே காட்டியது. நல்லவனாக நடந்தால் தலைக்கு மேல் ஒளிவட்டம், சுற்றி வண்ணத்துப்பூச்சி. கெட்டவனென்றால் கொம்பு முளைக்கும், இலையான் மொய்க்கும். டோஃபு தின்றால் நல்ல புள்ளி, உயிரோடு கோழிக்குஞ்சைக் கடித்தால் கெட்ட புள்ளி. கொள்ளையடித்துவிட்டுக் கோயிலில் காசைக் கொட்டினால் கொம்பு மறையும். விளையாட நல்ல பம்பல். ஆனால் கொள்ளை போன வீட்டுக்காரர் அடுத்த நாள் அந்த ஒளிவட்டத்தைப் பார்த்துக் கைதட்டுவார். எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

ஆகவே மீட்டர் இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. செய்த நன்மையையும் செய்த கெடுதியையும் ஒரே பையில் போட்டுக் கூட்டிக் கழிப்பதுதான் பிரச்சினை. அதை மட்டும் நிறுத்தினாலே நீர் சொன்ன வியாபாரம் பாதி படுத்துவிடும்.

ஐப்பசி 7

உள்ளே எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்.

திருடினது, வெட்டினது, கொடுத்தது, பொய் சொன்னது என்று நீர் செய்கிற ஒவ்வொன்றையும் கேம் ஒரு நிகழ்வாகப் பதியும். ஒவ்வொன்றுக்கும் எழுதினவர்கள் முன்கூட்டியே ஒரு எண் போட்டு வைத்திருப்பார்கள். அந்த எண் போய் ஒரு மொத்தத்தில் சேரும். மொத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஏதோ ஒன்று மாறும்: விலை, வசனம், குவெஸ்ட், காவலாளி வாளை உருவுவதா விடுவதா என்பது. ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே மொத்தம் என்றால், செலவுதான் காரணம். ஊரில் நூறு பேர் இருந்து நூறு பேரும் தனித்தனியாக நினைவு வைத்திருந்தால் நூறு பேருக்கும் வேறு வேறு வசனம் எழுத வேண்டும், குரல் பதிய வேண்டும். ஒரே எண் என்றால் "வாருங்கள் வீரரே" ஒன்று, "கிட்ட வராதே" ஒன்று. வேலை முடிந்தது.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் (2004) இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பிரித்தது. வெறுப்பில் தொடங்கி உச்ச மதிப்பு வரை எட்டுப் படி. நடுநிலையில் இருக்கிற ஒருவர் உச்சிப் படியைத் தொட 42,000 புள்ளி சேர்க்க வேண்டும். அதில் பூட்டி பே துறைமுகத்துக் கொப்ளின்களும் பிளட்செயில் கடற்கொள்ளைக்காரரும் பகை. ஒரு பக்கம் ஏற்ற வேண்டுமென்றால் மற்றப் பக்கத்து ஆக்களை அடிக்க வேண்டும், அங்கே விழும். ஒரு துறையில் நல்ல பெயர் எடுத்தவனுக்கு மற்றத் துறையில் கால் வைக்க முடியாது. இது எங்களுக்கு விளங்குகிற கணக்கு. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் பார்த்தால் பழையபடி ஒரே மொத்தம்தான்.

ஐப்பசி 9

இந்தக் கதையை அல்டிமா 4 இல்லாமல் கதைக்க முடியாது. 1985, ரிச்சர்ட் கேரியட் செய்தது. ராட்சதன் எவனையும் கடைசியில் கொன்று முடிக்கிற கேம் இல்லை அது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுக் குணங்களில் தேற வேண்டும். தொடக்கத்திலேயே குறி சொல்கிற பெண் ஒருவர் இரண்டு குணங்களை மோதவிட்டுக் கேள்வி கேட்பார். நீர் சொல்கிற பதிலை வைத்து நீர் யாராகத் தொடங்குவீர் என்பது முடிவாகும்.

அதில் மூலிகை விற்கிற கடையில் நடக்கிறதைக் கொஞ்சம் வடிவாகச் சொல்ல வேண்டும். விற்கிறவருக்குக் கண் தெரியாது. சாமானை எடுத்த பிறகு எவ்வளவு காசு கொடுக்கிறீர் என்று நீரே எண்ணைத் தட்ட வேண்டும். குறைவாகத் தட்டலாம். அவர் எண்ணிப் பார்க்கமாட்டார், நன்றி சொல்லி அனுப்புவார். சத்தம் வராது, திரையில் சிவப்பு எழுத்து வராது, காவலாளி வரமாட்டான். ஆனால் உள்ளே நேர்மை இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கியது என்று கேம் காட்டாது. அரண்மனையில் ஹோக்விண்ட் என்ற பெரியவர் இருக்கிறார், அவரிடம் போய் "நேர்மையில் நான் எப்படி" என்று வாய் திறந்து கேட்டால்தான் ஓரளவு சொல்வார். நன்றாக மேலே வந்த பிறகும் தவறு செய்தால் எடுத்த பட்டம் போகும்.

நான் இதை விளையாடியது பழைய லப்டொப் ஒன்றில், கடையில் ஆளில்லாத நேரங்களில். முதல் தரம் மூலிகைக் கடையில் குறைத்துத்தான் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததுதான் பிறகு மனதைக் குடைந்தது. எண் திரையில் தெரிந்திருந்தால் "சரி, இரண்டு புள்ளி போனது, பிச்சைக்காரருக்குக் காசு போட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று கணக்குப் பார்த்திருப்பேன். தெரியாதபடியால் அந்தக் கண் தெரியாத மனிசரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 10

எங்கே எடுப்பது என்று கேட்டவர்களுக்கு: கேம் விற்கிற ஜிஓஜி (GOG) தளத்தில் அல்டிமா 4 இலவசம். அளவும் சின்னது, போன் டேட்டாவில் இறக்கலாம். பழைய கொம்பியூட்டரிலும் ஓடும்.

ஐப்பசி 14

மாங்குளத்து அண்ணை ஒருவர் எழுதியிருக்கிறார்: "கூட்டிக் கழிக்கிறதுதானே உலகம்? நல்லது செய்தால் பழைய பிழை மறந்துபோகும்." அண்ணை, உங்களுக்கு ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னுடைய சின்னம்மா விசுவமடுப் பக்கம் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறா. கடன் எழுதுவது சீஆர் கொப்பியில். ஆளுக்கு ஒரு பக்கம். மா, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைக்கு பிஸ்கற் என்று ஒவ்வொரு வரியாக இறங்கும். காசு வந்தால் அந்த வரிக்கு மேலால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பா. கிழிக்கமாட்டா, வெள்ளை பூசமாட்டா. கோட்டுக்குக் கீழே என்ன வாங்கினது, எப்ப வாங்கினது என்று இன்றைக்கும் வாசிக்கலாம்.

அதில் ஒருவருடைய பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். கடனைக் கட்டாமல் கனகாலம் கடைப் பக்கமே வராமல் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போனவர். சீட்டுக் காசிலும் ஒருதரம் கைவைத்தவர். அதே மனிசர்தான் 2009இல் வரும்போது சின்னம்மாவின் இளைய மகளைத் தோளில் தூக்கித் தண்ணீருக்குள்ளால் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டவர். இன்றைக்கு அவர் கடைக்கு வந்தால் அரிசி கேட்டுக் கேள்வியில்லாமல் கொடுப்பா. அவருடைய மகளின் கலியாணத்துக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தவ. ஆனால் சீட்டுக்குச் சேர்க்கமாட்டா. பெட்டியடியில் தனிய விடவும் மாட்டா. அவருக்கும் அது தெரியும், கோபமில்லை. வந்து வாங்கில் இருந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்.

அண்ணை, இதில் எதை எதோடு கழிக்கிறது? அந்தப் பிள்ளையைத் தூக்கினதற்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்? சீட்டுக் காசுக்கு எத்தனை? இரண்டும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நேரத்தில் வேலை செய்கிறது.

ஐப்பசி 15

இதைச் சரியாகப் பிடித்த கேம்களும் இருக்கின்றன. அநேகம் ஒப்சிடியன் நிறுவனத்துடையவை.

ஃபோல்அவுட்: நியூ வேகஸ் (2010) மந்திரக் கதை இல்லை, அணுகுண்டுக்குப் பிந்திய பாலைவனம். ஆனால் அங்கேதான் ஒவ்வொரு ஊருக்கும் கூட்டத்துக்கும் புகழ் ஒரு கணக்கு, இகழ் ஒரு கணக்கு என்று இரண்டாக வைத்தார்கள். ஓர் ஊருக்குப் பெரிய உதவி செய்துவிட்டு அதே ஊரில் இரண்டு பேரைச் சுட்டால், கழிபட்டுச் சுழி (பூச்சியம்) வராது. இரண்டும் உயர்ந்து நிற்கும், இவனை என்னவென்று நம்புவது என்று தெரியாமல் அந்த ஊர் முழிக்கும். பில்லர்ஸ் ஒஃப் எடர்னிட்டி (2015) இதையே மந்திர உலகத்துக்குக் கொண்டுவந்தது. அதோடு இரக்கம், கொடூரம், நேர்மை, வஞ்சகம், மூர்க்கம் என்று உம்முடைய பேச்சுப் போக்கையும் பத்து வகையில் குறித்துக்கொள்ளும். இரக்கம் ஏறியதற்காகக் கொடூரம் இறங்காது. முன்பின் காணாத ஆள் கூட "நீர் கனிவாகக் கதைப்பீர் எண்டு கேள்விப்பட்டன்" என்கிற மாதிரித் தொடங்குவார்.

டிரனி (2016) இன்னும் ஒரு படி. அதில் கைரோஸ் என்ற கொடுங்கோல் ஆட்சியாளர் ஏற்கெனவே வென்றுவிட்டார். தோற்ற நாட்டில், வென்றவர்களின் ஆளாக நீர் நீதி சொல்லப் போகிறீர். தொடங்க முதலே, நாட்டைப் பிடித்த காலத்தில் நீர் எந்த ஊரில் என்ன செய்தீர் என்று தெரிவு செய்ய வேண்டும். பிறகு கதைக்குள் போனால் அந்தந்த ஊர்ச் சனம் அதை வைத்துத்தான் முகம் பார்க்கும். கூட்டங்களுக்கு ஆதரவும் சினமும் தனித்தனிக் கணக்கு. துணையாக்களுக்கு விசுவாசமும் பயமும் தனித்தனி. ஒருவர் உம்மை நேசித்துக்கொண்டே பயப்படலாம். முதல் தரம் அந்தக் கேமைத் தொடங்கி ஓர் ஊர்க்காரர் கண்ணை நேரே பார்க்காமல் மறுமொழி சொன்ன இடத்தில் நான் லப்டொப்பை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கன நாளைக்குப் பிறகுதான் திரும்பத் திறந்தேன்.

ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆதரவு ஏறினாலும் பரிசு, சினம் ஏறினாலும் பரிசு. இரண்டு பக்கமும் புதுத் தந்திரங்கள் திறக்கும். அப்போது ஆட்டக்காரன் பயத்தையும் சேமிக்கத் தொடங்குகிறான். மேலே நான் புகழ்ந்த இரண்டு கணக்கு முறையும், பரிசைக் கட்டித் தொங்கவிட்டால் வியாபாரமாகத்தான் முடியும். முழங்காவில் தம்பி சொன்னதின் பலம் எனக்கு இங்கேதான் முழுதாகப் பட்டது.

ஐப்பசி 21

விதைப்பு. நாலு நாளாகக் கொம்பியூட்டர் பக்கம் வரவில்லை. இன்றைக்கு மழை பிடித்துவிட்டது, இருந்து எழுதுகிறேன்.

ஸ்கைரிம் (2011) பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் நல்லவன் கெட்டவன் புள்ளி கிடையாது, குற்றத்துக்குத் தலைவிலை மட்டும். நாடு ஒன்பது பிரிவு, ஒவ்வொன்றிலும் தலைவிலை வேறு. வைட்ரன் பக்கம் கொலை செய்துவிட்டு ரிஃப்ட் பக்கம் போனால் கனவான். யாராவது கண்டால்தான் தலைவிலை ஏறும். கண்ட கடைசிச் சாட்சியையும் முடித்துவிட்டால் தலைவிலை அழிந்துவிட்டது என்று திரையில் எழுத்து வரும். சாட்சியில்லாக் குற்றம் குற்றமே இல்லை என்று சொல்கிற அந்த ஒற்றை வரி எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும்.

பகிடி என்னவென்றால், அந்தச் சாட்சிப் பட்டியலில் கோழியும் இருந்தது. ஆளில்லாத இடத்தில் நீர் ஏதாவது எடுத்தால் முற்றத்துக் கோழி கண்டுவிட்டுக் காவலாளியிடம் சொல்லிவிடும். கோழியைக் கொன்றால் ஊரே திரண்டு வந்து அடிக்கும். மறுபக்கம், கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டால் அவருக்குக் கண் மறையும், கடையையே வழித்தெடுக்கலாம். எங்கள் வீட்டுப் பொடியள் அந்த வாளி விளையாட்டை மட்டும் பின்னேரம் முழுக்க விளையாடினார்கள். நானும் பார்த்துச் சிரித்தேன்.

சிரிப்பை விட்டுப் பார்த்தால் அதில் ஒரு நல்ல விதை இருக்கிறது. செய்தி தானாக எல்லாருக்கும் தெரியாது, ஒரு கண் காண வேண்டும், ஒரு வாய் கொண்டுபோக வேண்டும். போல்டர்ஸ் கேட்டின் 20 புள்ளியில் இந்த நினைப்பே இல்லை; காட்டுக்குள் செய்ததும் பட்டணத்துக் கடைக்காரருக்கு அந்த நிமிடமே தெரியும்.

ஐப்பசி 22

"பிழைவிட்டால், முதல் சேமிச்சு வைச்ச இடத்தை லோட் பண்ணி அங்கயிருந்து திரும்ப விளையாடுவன், பிறகென்ன ஒழுக்கம்" என்று ஒருவர். அண்டர்டேல் (2015) விளையாடிப் பாரும். தொடக்கத்தில் தாய் மாதிரிப் பார்த்துக்கொள்கிற டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் லோட் பண்ணி இந்தத் தரம் விட்டுவிட்டு வந்தால், வெளியில் ஃப்ளவி என்கிற பேசும் பூ நின்று நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கும். வேறு எவருக்கும் தெரியாது. அதற்கும் உமக்கும் மட்டும்.

ஐப்பசி 29

இன்றைக்கு வேறொன்று மனதில் ஓடுகிறது.

இந்தக் கேம்களில் வீரன் ஊருக்குள் வருகிறான், அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது, சுழியில் இருந்து தொடங்குகிறான். எங்கள் பக்கம் சுழியில் தொடங்கின ஆள் யார்? வன்னியில் எந்தப் படலையைத் திறந்தாலும் முதல் கேள்வி "எவடம்? ஆற்ற பிள்ளை?" என்பதுதான். மறுமொழி சொல்லி முடிக்க முதலே அப்பா செய்தது, பெரியப்பா செய்தது, அம்மம்மா யாருக்குச் சோறு போட்டது எல்லாம் எங்களுக்கு முன்னால் போய் வாங்கிலில் இருந்துவிடும். முகாமில் இருந்த காலத்தில் எந்தெந்தப் பக்கத்தாக்களெல்லாமோ பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில். துணுக்காய், முழங்காவில், புதுக்குடியிருப்பு, முள்ளியவளை. ஒருவரையும் தெரியாது. அங்கேயும் முதல் வேலை அதுதான்: யாராவது ஒருவரைக் கண்டுபிடித்து "இவையை எனக்குத் தெரியும்" என்று சொல்ல வைப்பது. அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா வரிசை வரிசையாக அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கூடாரத்துக்காரர் தங்கள் வாளியை இரவல் தந்தார்கள்.

இதைத் தொட்டுப் பார்த்தது டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் (2009). ஆறு பிறப்பில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஒன்று, ஒர்ஸமார் என்ற நிலத்தடிப் பட்டணத்தில் சாதியில்லாதவன் என்று முகத்தில் குறி குத்தப்பட்ட குள்ளன். கதை நடுவில் உலகத்தைக் காக்கிற வீரனாக அந்தப் பட்டணத்துக்குத் திரும்பினாலும் வாசலில் நிற்கிறவன் முகக் குறியைத்தான் பார்ப்பான். எவ்வளவு நன்மை செய்தும் அந்தப் பார்வை முழுக்கப் போகாது. சாதி பார்க்கிற எங்கள் ஊர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை விளையாடேக்க எனக்குக் கூசியது.

அதே கேமில் துணையாக்களின் பிரியம் கழித்தல் 100இல் இருந்து கூட்டல் 100 வரை ஒரு கோடு. பிடித்த சாமானைக் கொடுத்தால் ஏறும். ஸ்டென்னுக்கு ஓவியம், நாய்க்கு எலும்பு. நாய்க்குச் சரி. இரண்டாவது பாகத்தில் (2011) அதைத் திருத்தினார்கள்: நட்பு ஒரு முனை, எதிர்வாதம் மறுமுனை. உம்மோடு எல்லாவற்றிலும் முரண்படுகிற துணையும் விட்டுப் போகாமல், அந்த முரணோடு நெருங்கி வரலாம். பகைக்கும் மரியாதைக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் இருப்பதை வேறு கேம்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கார்த்திகை 4

வவுனியாவில் இருந்து ஓர் அக்கா: "என்ர மகன் பன்னிரண்டு வயது. கேமில ஊரைக் கொளுத்துறான். கெட்டுப்போவானோ?"

அக்கா, கொளுத்தின பிறகு கேம் என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். நான் பார்ப்பது அதைத்தான்.

போல்டர்ஸ் கேட் 3 (2023) உங்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. வயது வந்தவர்களுக்கான கேம், மகனுக்கு இப்போது வேண்டாம், நீங்கள் விளையாடலாம். முதல் பகுதியில் ஒரு தோப்பு. எல்டுரெல் பட்டணத்தில் இருந்து துரத்தப்பட்ட டீஃப்லிங் சனம் பிள்ளை குட்டியோடு அதற்குள் அடைக்கலம். தோப்புக்காரருக்கு அவர்களை வைத்திருக்க விருப்பமில்லை. மந்திரம் ஓதித் தோப்பை அடைத்துவிடத் துடிக்கிறார்கள். அரபெல்லா என்ற பிள்ளை சிலையைக் களவெடுத்ததென்று பிடித்து வைத்து அதன் முன்னால் பாம்பை விட்டிருக்கிறார்கள். வெளியில் கொப்ளின் படை. நீர் எந்தப் பக்கம்?

இதில் ஒழுக்க மீட்டர் ஒன்றும் இல்லை. ஆனால் படையோடு சேர்ந்து தோப்பை அழித்தால் துணையாக்களில் கார்லாக்கும் வில்லும் உம்மோடு நிற்கமாட்டார்கள். காப்பாற்றினால், அந்தச் சனத்தில் தப்பினவர்களை அடுத்த பகுதியில் ஒரு சத்திரத்தில் திரும்பக் காண்பீர். வழியில் செத்தவர்களின் பெயரையும் சொல்வார்கள். நீர் செய்தது எண்ணாக இல்லாமல், இருக்கிற முகமும் இல்லாத முகமுமாக வந்து நிற்கும். நான் தோப்பை அழிக்கிற பாதையை ஒருபோதும் விளையாடவில்லை, விளையாடப்போவதும் இல்லை. இடம்பெயர்ந்து அடுத்தவர் காணியில் இருந்தவனுக்கு அது கைவராது.

விட்ச்சர் 3 (2015) இன்னும் கடுமை. குன்றுக்குள் அடைபட்ட ஆவியை விட்டால் அநாதைப் பிள்ளைகள் தப்புவார்கள், டவுன்வாரன் என்ற ஊர் அழியும், பரன் (அந்தப் பக்கத்தை ஆள்கிற பிரபு) தூக்கில் தொங்குவார். ஆவியைக் கொன்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள், பரனின் மனைவி புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருப்பா. புள்ளி ஏறாது, இறங்காது. எது சரி என்று சொல்ல ஒருவரும் வரமாட்டார். செய்தது தெரிய வரும்போது நீர் வேறெங்கோ நிற்பீர், அதனால் லோட் பண்ணவும் மனம் வராது.

அப்படியானால் மீட்டரே வேண்டாம் என்று முழங்காவில் தம்பி சொன்னது சரியா என்று யோசித்தேன். பாதி சரி. காட்டுகிற மீட்டர் வேண்டாம். பதிவு வேண்டும். விட்ச்சரிலும் கணக்கு இருக்கிறது, முடிவை ஒவ்வொரு முடிச்சாக உள்ளே குறித்து வைத்திருக்கிறது. கூட்டவில்லை, அவ்வளவே.

கார்த்திகை 17

முழங்காவில் தம்பி தான் சின்னக் கேம் ஒன்று செய்யத் தொடங்கியிருப்பதாகச் சொல்கிறார். குளத்தோடு ஓர் ஊர், குளக்கட்டில் ஐயனார் கோயில், இரவில் குளக்கட்டில் நடக்கிற முனி. அருமை. எல்ஃபும் ட்ராகனும் இல்லாமல் எங்கள் ஆட்களை வைத்துச் செய்யும். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிகிற மண்ணில் மந்திரத்துக்கு என்ன பஞ்சம்?

நற்பெயரை எப்படி வைக்கலாம் என்று கேட்டார். நான் செய்தால் இப்படிச் செய்வேன்.

சிறுபோகத்தில் தொடங்கும். குளத்தில் தண்ணீர் கொஞ்சம். கூட்டம் கூடி ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரித்தாகிவிட்டது. உம்முடைய வயல் கடை வாய்க்காலில், தண்ணீர் வந்து சேரவில்லை, பயிர் குடலைப் பருவம். இரவில் போய்த் துருசை (குளத்து மதகை) கொஞ்சம் கூடத் திறக்கலாம். திறந்தால் தண்ணீர் வரும், பயிர் பிழைக்கும். அடுத்த கிழமை மேல் வாய்க்காலில் ஒரு தாயின் வயல் வெடிக்கும்.

இப்போது பதிவு. ஒரு மொத்தம் வைக்காதேயும். ஒரு வரிக்கு மூன்று விஷயம் குறியும்: யாருக்குத் தெரியும், என்ன தெரியும், எப்படித் தெரியும். எப்படி என்பதில் மூன்றே வகை போதும்: கண்டது, கேட்டது, ஊகித்தது. குளக்கட்டில் மாடு தேடி வந்தவர் கண்டார். அவர் சொல்லிக் கடைக்காரர் கேட்டார். வயல் வெடித்த தாய் ஊகித்தா. மூவரும் உம்மோடு வேறு வேறு விதமாகக் கதைப்பார்கள். கண்டவர் நேரே கேட்பார். கேட்டவர் கடன் தரும்போது கொஞ்சம் தயங்குவார். ஊகித்தவ ஒன்றும் கேட்கமாட்டா, உம்முடைய பிள்ளைக்குக் கொடுக்கிற மோரை நிறுத்துவா.

செய்தி நடக்க வழி வேண்டும். விடியப் பால் எடுக்க மோட்டார்சைக்கிளில் வருகிறவர், உழவு மிசின்காரர், முன்பள்ளி வாசலில் நிற்கிற தாய்மார், கோயில். அவர்கள் போகிற பாதையில்தான் செய்தியும் போகும். பால் எடுக்கிறவர் போகாத ஒழுங்கைக்குச் செய்தி பிந்தித்தான் வரும். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒரு காட்சி வையும். கொழும்பு பஸ், யாழ்ப்பாண பஸ் எல்லாம் நிற்கும், கற்பூரம் கொளுத்துவார்கள், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், போய்விடுவார்கள். அங்கே உம்மை ஒருவருக்கும் தெரியாது. ஊரில் பெயர் கெட்டவன் அங்கே போய்ச் சற்று நேரம் நின்றால் மூச்சு வரும். அதையும் விளையாட்டாக்கலாம்.

ஐயனாருக்கு எல்லாம் தெரியும். ஆனால் சொல்லமாட்டார். அவரிடம் தனிப் பட்டியல் இருக்கட்டும், ஆட்டக்காரருக்குக் காட்டாதேயும். ஹோக்விண்ட் மாதிரி, போய்க் கேட்டால் மட்டும் ஒரு வரி.

காசைக் கொட்டிப் பெயரைக் கழுவ விடாதேயும். உதவி செய்தால் அது புதிய வரி. பழைய வரி அப்படியே இருக்கட்டும். அந்தத் தாயின் வயலுக்கு இரவு பகலாக நின்று தண்ணீர் இறைத்துக் கொடுத்தால் மோர் திரும்ப வரலாம். அடுத்த வருடம் துருசுத் திறப்பை உம்மிடம் கொடுக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டால் அவ கையைத் தூக்கமாட்டா.

பரிசு? ஒன்றும் தராதேயும். வாளும் வேண்டாம், விலைக்குறைப்பும் வேண்டாம்.

கார்த்திகை 18

நேற்றுச் சொன்னதில் ஒரு கேள்வி விடுபட்டுக் கிடந்தது, தம்பியும் அதையே பிடித்துக் கேட்டுவிட்டார்: "வரி எல்லாம் எப்பவும் இருக்குமோ? காலம் போனா மறக்காதோ?"

கேட்டதும் ஊகித்ததும் மங்கலாம், மங்கி உருமாறலாம். துருசைக் கொஞ்சம் திறந்தது நாலு வாய் தாண்டினால் குளத்தையே உடைத்ததாகும். அதை எழுத நல்ல ருசியாக இருக்கும். கண்டது மங்கக்கூடாது. கண்டவர் செத்தால் அவருடைய பிள்ளைக்கு அது கேட்டதாகப் போகட்டும். அப்போது இரண்டாவது பாகத்தில் உம்முடைய மகன் போய் ஒரு படலையைத் திறக்கும்போது "ஆற்ற பிள்ளை?" என்று கேட்கலாம்.

துருசுக் காட்சி மட்டும் ஓடுகிற அளவுக்கு வந்தாலே கோப்பை அனுப்பும். சின்னம்மாவின் பேத்தியிடம் கொடுத்து விளையாடச் சொல்லிப் பார்க்கப்போகிறேன். அவள் துருசைத் திறப்பாளோ இல்லையோ என்பதைவிட, திறந்த பிறகு விடியக் காலமை கடைக்குப் போகிறாளா, அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போகிறாளா என்று பார்க்கத்தான் ஆசை. அந்த இரண்டு பாதையையும் வரைபடத்தில் வைத்துவிடும்.